ஆஸ்பத்திரிக்குள் ஒரு சின்னக் கடை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஆஸ்பத்திரிக்குள் கடை வைக்க நினைப்பவர்களை முதலில் இழுப்பது ஓபி (வெளிநோயாளி) வரிசைதான். காலை எட்டு மணிக்கே அங்கே கூட்டம் நெரிவதைப் பார்த்ததும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஆனால் அந்த வரிசையில் நிற்பவர் டோக்கனை விட்டுவிட்டு உங்கள் கடைக்கு வரமாட்டார். டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார். மிஞ்சிப்போனால் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பிஸ்கட் பாக்கெட். கடையைத் தாங்கப்போவது உள்நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருப்பவர். வலி வந்ததும் ஆட்டோ ஏறி, உடுத்திய புடவையோடு வந்துவிட்ட அம்மா. கையில் ரிப்போர்ட் ஃபைலும் செல்போனும் மட்டும் வைத்திருக்கும் மகன். கட்டிலை விட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் அவர்களால் நகர முடியாது. அவர்களுக்கு இன்று ராத்திரிக்கு என்ன தேவை என்று யோசித்துச் சரக்கு வைத்தால் கடை ஓடும். ரோட்டோரப் பெட்டிக்கடையை அப்படியே உள்ளே கொண்டுவந்து வைத்தால் திணறும்.

தமிழ்நாட்டில் நடுத்தர அளவுள்ள தனியார் அல்லது அறக்கட்டளை ஆஸ்பத்திரியில், ஐம்பது முதல் நூறு சதுர அடிக்குள் கடை வைப்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அரசு ஆஸ்பத்திரிக்கு வழி வேறு. அதையும் இடையில் சொல்கிறேன்.

முதலில் போய் உட்காருங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன்னால், ஒரு வாரம் வெவ்வேறு நேரங்களில் அந்த ஆஸ்பத்திரியில் போய் உட்காருங்கள். விடியற்காலை ஆறு மணிக்குப் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு யார் யார் கீழே இறங்குகிறார்கள், எங்கே போகிறார்கள்? பார்வையாளர் நேரத்தில் வருபவர்கள் கையில் என்ன கொண்டுவருகிறார்கள்? இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிய பிறகு வாட்ச்மேனிடம் கெஞ்சி வெளியே போகிறவர் எதை வாங்கப் போகிறார்? கடைசியாகச் சொன்னவரைத் தவறாமல் கவனியுங்கள். அவர் எதற்காக வெளியே போகிறாரோ அதுதான் உங்கள் சரக்குப் பட்டியலின் முதல் வரி.

எத்தனை படுக்கை என்று கேட்பதைவிட, சராசரியாக எத்தனை படுக்கை நிரம்பியிருக்கிறது, ஒரு நோயாளி எத்தனை நாள் தங்குகிறார் என்று விசாரியுங்கள். கண் ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷனுக்கு வருபவர் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடுவார். அங்கே பக்கெட்டும் பாயும் விற்காது. எலும்பு முறிவு, புற்றுநோய், மகப்பேறு என்றால் நாள்கணக்கில் தங்குவார்கள். வேலூர் சி.எம்.சி.க்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் போர்டு தொங்குவது அதனால்தான். உங்கள் ஆஸ்பத்திரிக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை வைத்தே எந்த பிஸ்கட், எந்தச் சோப்பு, கடையில் நிற்பவருக்கு எந்த மொழி தெரிய வேண்டும் என்பதெல்லாம் முடிவாகும்.

இடத்தைப் பொறுத்தவரை, வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதைவிட வார்டுக்குப் போகும் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. பார்மசிக்கும் லேபுக்கும் நடுவில் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் காத்திருப்பவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். அடித்தளத்தில் கேன்டீன் பக்கம் மூலையில் இடம் தருகிறோம் என்றால், செல்போனில் சிக்னல் வருகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐ ஓடாது; இன்று பாதிப் பேர் கையில் சில்லறையே இல்லை.

யாரிடம் கேட்பது

தனியார் ஆஸ்பத்திரியில் நிர்வாக அதிகாரியைப் பாருங்கள். டாக்டரைத் தெரியும் என்பது உள்ளே நுழைய உதவும். ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது நிர்வாகம்தான். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: என்ன விற்பீர்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு மின்சாரம் தேவை, குப்பையை எப்படி அகற்றுவீர்கள், என்ன விற்கமாட்டீர்கள். இந்தக் கடைசி விஷயத்தை நீங்களாகவே எழுதினால் எதிரில் இருப்பவருக்குப் பாதி பயம் போய்விடும். அவர்களுடைய பார்மசியும் கேன்டீனும் உங்களால் அடிபடுமா என்பதுதான் அவர்கள் மனதில் ஓடும் முதல் கேள்வி.

அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வழியாகத்தான் போக வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீன் அலுவலகம், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி என்றால் இணை இயக்குநர் அலுவலகம். அறிவிப்புப் பலகையையும் அரசின் டெண்டர் இணையதளத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள். டெண்டரோடு சேர்த்துச் செலுத்தும் முன்வைப்புத் தொகையை வரைவோலையாகவோ இணையம் வழியாகவோ கட்ட வேண்டியிருக்கும். டெண்டரை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று வாடகையை ஏற்றிக் கேட்டுவிட்டு, பிறகு எம்ஆர்பிக்கு மேல் விற்று ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சட்டப்படி குற்றம். நோயாளி வீட்டுக்காரர்களின் வயிற்றில் அடிப்பதும்தான். சாப்பாட்டில் போட்டி போடும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். சென்னையில் அரசு ஆஸ்பத்திரி வளாகங்களிலேயே அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி தருகிறது.

பத்திரத்தைப் படியுங்கள்

உங்களுக்குக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் வாடகை ஒப்பந்தமாக இருக்காது, லைசென்ஸ் ஒப்பந்தமாக இருக்கும். இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டும். வாடகைதாரருக்குரிய உரிமை கிடையாது. பெரும்பாலும் பதினோரு மாதம். அதனால் கடை அலங்காரத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள். கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடிய இரும்பு ரேக், சக்கரம் வைத்த கவுண்டர், ஒரு ஃபிரிட்ஜ் போதும்.

படிக்கும்போது விரல் வைத்துப் பார்க்க வேண்டிய வரிகள் சில. காலி செய்யச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம்? முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும், எதையெல்லாம் கழிப்பார்கள்? கட்டட வேலை நடந்தால் வேறு இடம் தருவார்களா, அந்த மாத வாடகை உண்டா? இதே சரக்கை விற்க வளாகத்தில் இன்னொருவருக்கு அனுமதி தருவார்களா? மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, மொத்தமாக ஒரு தொகையா? நோய்ப் பரவலை முன்னிட்டுப் பார்வையாளர்களை நிறுத்திவிட்டால் வாடகைக்கு என்ன கணக்கு? கொரோனா காலத்துக்குப் பிறகும் பலர் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். எதையும் வாய்வார்த்தையாக விடாதீர்கள். நிர்வாக அதிகாரி மாறினால் வாய்வார்த்தையும் அவரோடு போய்விடும்.

சில இடங்களில் நிலையான வாடகைக்குப் பதில் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். பால் போன்றவற்றில் மிச்சமே ஒற்றை இலக்கச் சதவீதம்தான் இருக்கும். அதில் பத்து சதவீதத்தைக் கொடுத்தால் கையிலிருந்துதான் போகும். நிலையான வாடகையையே கேட்டுப் பாருங்கள்.

கணக்கு

இதில் அவசரப்படாதீர்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். லைசென்ஸ் கட்டணம் மாதம் 25,000 ரூபாய். அதன்மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி 4,500. இரண்டு ஷிஃப்டுக்கு இரண்டு ஆள், 24,000. மின்சாரம் 4,000. காலாவதி, உடைசல், எலி கடித்தது என்று 3,500. ஆக 61,000 ரூபாய். எல்லாச் சரக்கையும் சேர்த்துச் சராசரி மிச்சம் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், செலவை அடைக்கவே மாதம் சுமார் 4,07,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒரு நாளைக்கு 13,500 ரூபாய்க்கு மேல். ஒருவர் சராசரியாக 40 ரூபாய்க்கு வாங்குகிறார் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 340 பேர். இது உங்களுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காமல் போட்ட கணக்கு.

அந்த 340 பேர் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களா? இல்லை என்றால் மூன்று வழிதான்: வாடகையைக் குறையுங்கள், ஒரு ஷிஃப்டில் நீங்களே நில்லுங்கள், அல்லது மிச்சம் அதிகமுள்ள சரக்கைக் கூட்டுங்கள். பக்கெட், மக், துண்டு, நைட்டி, சார்ஜர் இவற்றில் கிடைக்கும் மிச்சம் பிஸ்கட்டில் கிடைக்காது.

இதே கணக்கு உரிமங்களையும் தீர்மானிக்கிறது. மாதம் 4,07,000 என்றால் ஆண்டுக்கு 49 லட்சத்தை நெருங்கும். சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். டீ போட்டுக் கொடுப்பதும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதும் சேவைக் கணக்கில் வரும், அப்போது வரம்பு 20 லட்சம். ஐஸ்கிரீம் விற்றாலும் அந்த 40 லட்சச் சலுகை கிடையாது. பலருக்கு இது தெரிவதில்லை. வெறும் வியாபாரம் என்றால் காம்போசிஷன் என்ற எளிய முறையில் விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அதில் உள்ளீட்டு வரியை (நீங்கள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை) கழிக்க முடியாது, வாடகை மீதான 18 சதவீதம் முழுக்க உங்கள் தலையில்தான். சாதாரணப் பதிவா, காம்போசிஷனா என்பதை ஆடிட்டரிடம் இந்தக் கணக்கைக் காட்டி முடிவு செய்யுங்கள்.

முதலுக்குக் கையில் பணம் குறைவு என்றால் வங்கியில் சிறு தொழிலுக்கான முத்ரா கடன் கேட்கலாம். 50,000 ரூபாய் வரை சிசு பிரிவு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு. சிறு தொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவு இலவசம். இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உரிமங்கள்

பாக்கெட் பிஸ்கட் மட்டும் விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ வேண்டும். ஆண்டு விற்பனை ஒரு வரம்புக்குள் என்றால் பதிவு, அதற்கு மேல் என்றால் உரிமம். விண்ணப்பிக்கும் நாளில் அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் வரம்பையும் கட்டணத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முகவரிச் சான்றுக்கு ஆஸ்பத்திரி தரும் ஒப்பந்த நகலும் தடையில்லாக் கடிதமும் தேவைப்படும். ஒப்பந்தம் போடும் அன்றே கடிதத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். 14 இலக்க எண்ணைப் பில்லில் போட வேண்டும், சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்ட வேண்டும். உணவைக் கையாளும் ஆட்களுக்கு ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனைச் சான்று வேண்டும். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருப்பதால் இது சுலபம்.

மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். பழம் எடை போட்டு விற்றால் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தருவது சட்டப்படி கட்டாயம். சின்னக் கடைதானே என்று நினைக்காமல் ஒரு ஸ்டூல் போடுங்கள்.

என்ன விற்பது

படுக்கையில் சேர்ந்த முதல் மூன்று மணி நேரத்தில் தேவைப்படுவதை முன்வரிசையில் வையுங்கள். பக்கெட், மக், சோப்பு, பேஸ்ட், பிரஷ், தேங்காய் எண்ணெய், சீப்பு, துண்டு, போர்வை, பாய், டம்ளர், ஸ்பூன், தட்டு, பிளாஸ்க், ரப்பர் செருப்பு, நைட்டி, லுங்கி, நாப்கின், பெரியவர்களுக்கான டயப்பர். நைட்டி என்றால் முன்பக்கம் ஜிப் வைத்தது. பிள்ளை பெற்றவருக்கும் கையில் டிரிப்ஸ் ஏறுபவருக்கும் மற்றது பயன்படாது. டயப்பரில் நடு அளவும் பெரிய அளவும் போதும், பாக்கெட்டைப் பிரிக்காமல் பத்து எண்ணிக்கை உள்ள சின்னப் பாக்கெட்டாக வாங்கி வையுங்கள். செல்போன் சார்ஜரோடு நீளமான வயர் வையுங்கள், ஏனென்றால் வார்டில் பிளக் பாயிண்ட் எப்போதும் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்.

ஜெராக்ஸ் மெஷினுக்கு இடமிருந்தால் கட்டாயம் வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார் நகல் கேட்பார்கள். தனியார் காப்பீட்டுக்கும் கேட்பார்கள். காப்பீட்டு மேஜையிலிருந்து "ஒரு காப்பி எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பப்படுகிறவர் நேராக உங்களிடம் வருவார்.

அப்புறம், வெந்நீர். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் பாலாடையைக் கழுவவும், மாத்திரை போடவும், கஷாயத்துக்கும் வெந்நீர் தேடி அலைபவர்கள் ஒவ்வொரு தளத்திலும் இருப்பார்கள். நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுங்கள். என் யோசனை, அதற்குக் காசு வாங்காதீர்கள், அல்லது பேருக்கு வாங்குங்கள். வெந்நீருக்கு வந்தவர் பன்னும் பாலும் வாங்காமல் போவது அபூர்வம். அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் அவருக்கு அது பெரிய உதவி. கேஸ் சிலிண்டரைப் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் அனுமதிக்காது. மின்சாரக் கொதிகலன் எத்தனை வாட் என்று சொல்லி, தனி லைன் இழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜோடு ஒரே பாயிண்டில் சொருகினால் வயர் சூடாகும்.

என்ன விற்கக் கூடாது

ஒரு மாத்திரைகூட வேண்டாம். தலைவலி மாத்திரை தானே என்று கேட்பார்கள். மருந்து விற்க 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமமும் பார்மசிஸ்டும் வேண்டும். தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர், ஊசி, கையுறை எல்லாம் மருத்துவக் கருவிகள் விதிகளுக்குள் வருபவை. அவற்றையும் பார்மசிக்கு விட்டுவிடுங்கள். ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று பெயர் போட்ட இனிப்பு ஜூஸ் டப்பாக்கள் முன்பு எல்லாக் கடையிலும் இருந்தன. 2025 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கில் கிடக்கும் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரை மருந்தென்று நம்பிக் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் காரணம். பழைய சரக்கை யாராவது மலிவாகத் தள்ளப் பார்த்தால் வாங்காதீர்கள்.

மகப்பேறு ஆஸ்பத்திரியில் இன்னொன்று. 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டம், மருத்துவ இடங்களில் பால் பவுடரையும் பால் புட்டியையும் ஊக்குவிக்கும் போஸ்டர், காட்சி எதையும் தடை செய்கிறது. கம்பெனி ஆள் வந்து இலவசமாக ஸ்டாண்ட் தருகிறேன், போர்டு தருகிறேன் என்பார். மறுத்துவிடுங்கள். அந்தச் சரக்கே கடையில் வேண்டாம் என்பது என் கருத்து.

பீடி, சிகரெட் கூடவே கூடாது. குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடையில் உள்ளவை. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை, ஸ்ட்ரா, பிளாஸ்டிக் கப் மட்டுமல்ல, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தடைப் பட்டியலில் உண்டு. டீ விற்பதாக இருந்தால் எவர்சில்வர் டம்ளரும் அதைக் கழுவ வெந்நீரும் வையுங்கள். பெரும்பாலும் பிளாஸ்க்கில்தான் வாங்குவார்கள். பைக்கு மஞ்சப்பை.

கவுண்டரில் நிற்பவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது

இளநீரும் பழமும் உடம்புக்கு நல்லது என்று நாம் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தைப் பாதிக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவருக்கு ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்தாலும் ஆபரேஷன் தள்ளிப்போகும். "தம்பி, காலைல ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க, அவருக்கு ஒரு ஜூஸ் குடுங்க" என்று ஒரு அம்மா வந்து நின்றால், "எடுத்து வைக்கிறேன்க்கா, வார்டு சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க" என்று சொல்லப் பழக்குங்கள். ஒரு விற்பனை போகலாம். போகட்டும்.

எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கூலிங் சார்ஜ் என்று தண்ணீர் பாட்டிலில் இரண்டு ரூபாய் கூட்டுவதும் அதே குற்றம்தான். ஆஸ்பத்திரிக்கென்று கூடுதல் விலை அச்சிட்ட அதே பாட்டிலை யாராவது கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். ஒரே பொருளுக்கு இரண்டு எம்ஆர்பி போடுவது 2018 முதல் தடை.

குப்பையில் கவனம். வார்டு வாசலில் இருக்கும் மஞ்சள், சிவப்பு, நீலத் தொட்டிகள் மருத்துவக் கழிவுக்கு. உங்கள் அட்டைப்பெட்டியும் பால் கவரும் அதில் விழுந்தால் ஆஸ்பத்திரி அபராதம் கட்ட வேண்டிவரும். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கமாட்டார்கள். கடைக்கென்று இரண்டு மூடி போட்ட தொட்டி வைத்து, தினமும் நீங்களே வெளியே கொண்டுபோகும் ஏற்பாடு செய்யுங்கள். பிஸ்கட்டையும் பன்னையும் தரையில் வைக்காதீர்கள், இரவில் மூடியுள்ள டிரம்முக்குள் போட்டுவிடுங்கள். எலி இல்லாத ஆஸ்பத்திரி வளாகத்தை நான் பார்த்ததில்லை.

கடன் விஷயத்தில் ஒரு வரம்பு வேண்டும். ஊழியர்களுக்கு நோட்டில் எழுதி, சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம். ஆளுக்கு இவ்வளவுதான் என்று முதல் மாதமே சொல்லிவிடுங்கள், டாக்டருக்கும் அதே அளவு. நோயாளி வீட்டாருக்குக் கடன் கொடுத்தால் டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் பதற்றத்தில் மறந்துவிடுவார்கள், துரத்திப் போய்க் கேட்கவும் மனசு வராது. பாலுக்கும் பிரெட்டுக்கும் கையில் காசில்லாமல் நிற்பவருக்கென்று மாதம் ஒரு தொகையைச் செலவுக் கணக்கிலேயே ஒதுக்கிவிடுங்கள். மேலே போட்ட 61,000 ரூபாயில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு நிர்வாகத்திடம் வாடகை பேசப் போங்கள்.